சங்கமித்ரா லீவில் பார்த்த கடை

வெளியூர் போனால் மற்றவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், அருவி பார்ப்பார்கள். சங்கமித்ரா சூப்பர் மார்க்கெட் பார்ப்பாள். ஒருமுறை மைசூருக்குப் போனபோது கணவன் ரவிக்குமாரும் மகளும் மிருகக்காட்சி சாலை வரிசையில் நிற்க, அவள் வழியில் பார்த்து வைத்திருந்த ஒரு கடைக்குள் நுழைந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு சீயக்காய்ப் பாக்கெட்டோடு வெளியே வந்து, "பிஸ்கட்டையெல்லாம் கொழந்தைங்க கைக்கு எட்டுற உயரத்துல அடுக்கி வச்சிருக்கான், தெரியுமா?" என்று திரும்பும் வழியெல்லாம் அதையே பேசினாள். ஆட்டோ ஓட்டும் ரவிக்குமார் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "நான் லீவு நாள்ல ஆட்டோ ஸ்டாண்டுல போயா ஒக்காந்துக்குறேன்?"

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பெங்களூர் விவேக் நகரில் இரண்டு மாடியில் இயங்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஃபுளோர் இன்சார்ஜ். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், பத்தாவது முடித்த சான்றிதழோடு அங்கே பருப்பு எடைபோட்டுப் பாக்கெட் கட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போதிருந்த முதலாளி, "பேரு நீளமா இருக்குதேம்மா, மித்ரான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். "முழுப் பேரையும் சொல்லுங்க சார். மூணெழுத்துதான் கூட வரும்" என்றாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அப்பா ஆதிகேசவன். கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய குடியிருப்பில் ஒற்றை அறை வீடு, பெயிண்ட் அடிக்கும் வேலை, சுவரில் ஒரு புத்தர் படம். முதல் பெண்ணுக்கு யோசித்துத் தேடிப் பெயர் வைத்த அவர், இரண்டாவது பெண் பிறந்தபோது ஏனோ சட்டென்று ஷோபா என்று வைத்துவிட்டார். அதைச் சொல்லி ஷோபா இன்றைக்கும் சண்டை போடுவாள்.

அந்த ஷோபாதான் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கிறாள். ஆறு வருடமாகச் சேர்ந்தாற்போல லீவு எடுக்காத சங்கமித்ரா, இந்த வருடம் பத்து நாள் எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தாள். "தூங்கப் போறேன். சாப்பிடப் போறேன். வேற ஒண்ணும் கெடையாது" என்று வந்ததும் அறிவித்தாள். இரண்டு நாள் சொன்னபடியே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை டிபனுக்கு ரவை இல்லை. ஷோபா பையை எடுத்தாள்.

"பக்கத்துக் கடையிலயே வாங்கிக்கலாம்க்கா. மெயின் ரோட்டுல பெருசா ஒண்ணு இருக்குது, ஆனா உள்ள எல்லாத்தையும் ஒடைச்சுப் போட்டு வேல நடக்குது."

"ஒடைச்சுப் போட்டா? கடைய மூடாமயேவா?" சங்கமித்ரா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஷோபாவுக்குத் தான் செய்த தவறு புரிந்தது. "அக்கா, வேணாம். ரவைக்குத்தான் போறோம்."

"ரவைக்குத்தான்டி" என்று செருப்பை மாட்டினாள் சங்கமித்ரா.

கடை பெரியதுதான். வாசலில் பாதி பழைய போர்டு, பாதி புதுசு. உள்ளே நுழைந்ததும் சிமெண்டும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை. இடது பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் சீட்டைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் டைல்ஸ் வெட்டும் மெஷின் கீச்சிட்டது. வலது பக்கம் வியாபாரம் நடந்தது. "அரிசி" என்று கன்னடத்தில் தொங்கிய போர்டுக்குக் கீழே கழிவறை கழுவும் பாட்டில்கள். மசாலா இருக்க வேண்டிய இடத்தில் குடைகள். ஒரு பெரியவர் கையில் சாமான் சீட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக அதே வரிசையைச் சுற்றி வந்தார். வழி கேட்டவர்களிடம் பையன்களும் பெண்களும், "ஆ கடே ஹோகி, ஆ கடே" என்று அந்தப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு ஓடினார்கள். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மற்றவர்களுக்கு இது தலைவலி. சங்கமித்ராவுக்குத் திருவிழா. இத்தனை வருட அனுபவத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கடையைப் பிரித்து மறுபடி கட்டுவதை அவள் பார்த்ததே இல்லை. டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். புது ரேக்கின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு டிராலி எதிரெதிரே வந்தால் போக முடியுமா என்று காலடியால் அளந்தாள். பால் பவுடர் இருந்த இடத்தில் தேதி முடியப்போகும் டப்பாக்கள் பின்னால் கிடந்தன. கை தானாக அவற்றை முன்னால் இழுத்து வைத்தது.

"அக்கா, அது உன் கடையில்ல" என்றாள் ஷோபா.

"டப்பாவுக்கு அது தெரியுமா?"

இதைத் தூரத்திலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். லாவண்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த, கடையில் வேலை செய்யும் பெண். புதுப்பித்த கடையின் திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் பாக்கி. எந்த நேரமும் ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள் என்று மேனேஜர் எச்சரித்திருந்தார். காட்டன் புடவை கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, விளிம்பைத் தடவி, தரையை அளந்து, தேதி பார்க்கிற பெண்மணி வேறு யாராக இருக்க முடியும்? லாவண்யா உள்ளே ஓடினாள்.

இரண்டு நிமிடத்தில் ஒரு நாற்காலி வந்தது. பின்னாலேயே இரண்டு கப் டீ வந்தது.

"எனக்கு எதுக்கும்மா டீ?" என்று சங்கமித்ரா குழம்பினாள்.

ஷோபா குழம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கப்பை எடுத்துக்கொண்டாள். "மரியாத தெரிஞ்ச கடைக்கா இது."

ஆனால் சங்கமித்ராவின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. எதிரில் எண்ணெய் ரேக். ஏழடி உயரம். மேல் தட்டில் ஐந்து லிட்டர் கேன்கள் நெருக்கி அடுக்கியிருந்தன. கீழ்த் தட்டுகளில் சிப்ஸ், அப்பளம், காற்றடைத்த பாக்கெட்டுகள். கனம் மேலே, லேசு கீழே. அவள் குனிந்து பார்த்தாள். முதுகோடு முதுகாகச் சேர்ந்து நின்றிருக்க வேண்டிய இன்னொரு ரேக்கை டைல்ஸ் போடுவதற்காகப் பிரித்து எடுத்திருந்தார்கள். போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. ஒரு காலின் கீழே அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். அந்த வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்று சாமான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் விவேக் நகர்க் கடையில் இப்படி ஒரு ரேக் சாய்ந்திருக்கிறது. கூட வேலை பார்த்த ஜூடித்தின் கணுக்கால் மூன்று மாதம் மாவுக்கட்டில் இருந்தது. அந்தச் சத்தம் சங்கமித்ராவின் காதில் இன்னும் இருக்கிறது.

அந்த நேரத்தில் மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். கிரண் என்று பெயர். அவள் வயதுதான் இருக்கும். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். "நமஸ்காரா மேடம். எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சுரும் மேடம். டைல்ஸ்காரங்கதான் லேட் பண்ணிட்டாங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் பொழிந்தார்.

தன்னை யாரென்று நினைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ரேக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு அம்மாள் கால்விரலில் எக்கி மேல் தட்டுக் கேனைத் தொட முயன்றுகொண்டிருந்தார்.

"சார், மொதல்ல இந்த வரிசைய காலி பண்ணுங்க. ஜனங்க யாரும் நிக்கக் கூடாது. இப்பவே."

கிரண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையைத் தட்டினார். லாவண்யாவும் இன்னொரு பெண்ணும் ஓடி வந்து, வாடிக்கையாளர்களைச் சிரித்துப் பேசி அடுத்த வரிசைக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாளுக்குச் சங்கமித்ராவே வேறு இடத்திலிருந்து ஒரு லிட்டர் பாக்கெட் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தன் டிராலியை வரிசையின் வாயில் குறுக்காக நிறுத்தினாள்.

எல்லாரும் நகர்ந்த பின் சொன்னாள்: "சார், ஒரு விஷயம். நான் உங்க ஹெட் ஆபீஸ் இல்ல. விவேக் நகர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஃபுளோர் இன்சார்ஜ். லீவுல தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கேன். ரவை வாங்க வந்தோம்."

கிரண் சிரித்தார். "ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க மேடம்."

"நெஜமாவே ரவைதான் சார்" என்று ஷோபா காலிக் கப்பைக் கீழே வைத்தாள். "அதுவும் எங்க இருக்குதுன்னே தெரியல."

அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. "அப்போ யாரு உங்களுக்கு இந்த அதிகாரம் குடுத்தது? வியாபார நேரத்துல ஒரு வரிசையவே மூடச் சொல்றீங்க? லாவண்யா, அந்த டிராலிய எடு."

லாவண்யா தயங்கினாள். சங்கமித்ரா டிராலியின் கைப்பிடியை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான் யாருன்னு விட்ருங்க. எங்கிட்ட கோவப்படணும்னா அப்பறமா பட்டுக்கலாம், நான் எங்கயும் போகல. நீங்க பக்கவாட்டுல வந்து, முன்னாடி நிக்காம, அந்த ரேக்குக் கம்பத்துல கைய வச்சுப் பாருங்க. தள்ள வேணாம். சும்மா வச்சுப் பாருங்க."

கிரண் வேகமாகப் போய் அலட்சியமாகக் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மேலே கேன்களுக்குள் எண்ணெய் மெதுவாக ஆடியது. அவர் கையை எடுக்கவும் பயந்தார், வைத்திருக்கவும் பயந்தார்.

"மெல்ல எடுங்க" என்றாள் அவள். "இப்ப ரெண்டு ஏணி வேணும். மேல் தட்டுலருந்து எறக்கணும். இந்த ஓரத்துல ஒண்ணு எடுத்தா அந்த ஓரத்துலயும் ஒண்ணு. நடுவுல யாரும் நிக்கக் கூடாது. கீழ இருக்குற பாக்கெட்டத் தொடவே தொடாதீங்க, கடைசியில பாத்துக்கலாம்."

இந்தத் தடவை கிரண் யார் அதிகாரம் என்று கேட்கவில்லை. ஒரு ஏணியில் தானே ஏறினார். மற்றதில் லாவண்யா ஏறினாள். சங்கமித்ரா நின்ற இடத்திலிருந்து "இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்..." என்று மாறி மாறிச் சொன்னாள். ஷோபாவும் சும்மா இருக்கவில்லை. இறங்கிய கேன்களை வாங்கித் தரையில் வரிசையாக வைத்தாள். மேல் தட்டு காலியாயிற்று. இரண்டாம் தட்டில் ஊறுகாய் பாட்டில்கள். அதில் பாதி இறங்கியபோது பிளாஸ்டிக் சீட்டுக்குப் பின்னால் யாரோ டைல்ஸ் பெட்டியைத் தொப்பென்று போட்டார்கள். தரை அதிர்ந்தது. அட்டை நழுவியது.

"எறங்குங்க!" என்று சங்கமித்ரா கத்தினாள்.

இருவரும் ஏணியிலிருந்து குதித்து ஒதுங்கினார்கள். ரேக் மெதுவாக, யோசித்து யோசித்துச் சாய்வதுபோல முன்னால் சாய்ந்து, எதிர் ரேக்கின் மேல் தோளைக் கொடுத்து நின்றது. நாலைந்து ஊறுகாய் பாட்டில்கள் உடைந்தன. அப்பளப் பாக்கெட்டுகள் சிதறின. அவ்வளவுதான். கடை முழுக்க எலுமிச்சை ஊறுகாய் வாசனை.

கிரண், தரையில் வரிசையாக நின்ற நாற்பது கேன்களையும் பார்த்தார். சற்று முன் ஜனங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். சங்கமித்ரா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "தொடப்பம் எடுத்துட்டு வாங்கம்மா, கண்ணாடி இருக்குது, கையால அள்ளாதீங்க" என்றாள்.

டைல்ஸ் வேலையை அன்றைக்கு நிறுத்தச் சொல்லி, மற்ற ரேக்குகளின் காலையும் பார்க்கச் சொல்லிவிட்டு கிரண் திரும்பி வந்தார். "சாரி மேடம். நேத்து சாயங்காலம் அத நாந்தான் அடுக்கச் சொன்னேன். போல்ட்ட கழட்டினத எனக்கு யாரும் சொல்லல."

"கழட்டுறவன் ஒருத்தன், அடுக்குறவங்க வேற. நடுவுல சொல்றதுக்கு ஆள் இல்ல. அதான் விஷயம்" என்றாள் சங்கமித்ரா.

அவர் கண் மற்ற வரிசைகளின் மேல் ஓடியது. "லீவுல இருக்கேன்னு சொன்னீங்க. இருந்தாலும்... மிச்சக் கடையையும் ஒருதரம் சுத்திப் பாக்குறீங்களா?"

ஷோபா கண்ணை மூடிக்கொண்டாள். டிபன் நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

சங்கமித்ராவுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறில்லை. பிளாஸ்டிக் சீட்டுக்குப் பின்னால் போனாள். கோடவுனைப் பார்த்தாள். புதிதாகக் கட்டிய குளிர் அறைக்குள் நின்று கதவு எப்படி மூடுகிறது என்று நாலு தரம் திறந்து மூடினாள். குறை மட்டும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே பில் போட்டுக்கொள்ள வயதானவர்களுக்கென்று தாழ்வாக ஒரு கவுண்டர் கட்டியிருந்தார்கள். "இது எங்க கடைக்காரருக்குத் தோணவே இல்ல. போயி சொல்லணும்" என்று மனதாரப் பாராட்டினாள். தயிர் வைத்திருந்த ஃபிரிட்ஜின் ஒயரை டைல்ஸ் மெஷினுக்காக அடிக்கடி பிடுங்குகிறார்கள் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். குழந்தைகளின் பால் பவுடரை உள்ளே நுழைகிற வழியிலேயே வைக்கச் சொன்னாள். "மத்ததத் தேடட்டும். கொழந்த அழும்போது வர்றவங்கள சுத்த விடக் கூடாது."

கடைசியில் அட்டைப் பெட்டிகளை வெட்டச் சொல்லி, தடித்த பேனாவால் கன்னடத்தில் பெரிதாகவும் கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத வைத்தாள். பழைய போர்டுகளை எல்லாம் துணி போட்டு மூட வைத்தாள். "தப்பான போர்டுக்கு, போர்டே இல்லாம இருக்குறது மேல் சார். இல்லன்னா கேப்பாங்க. தப்பா இருந்தா நம்பிப் போயி ஏமாந்துட்டு, அடுத்த தரம் வேற கடைக்குப் போயிருவாங்க." சீட்டோடு சுற்றிய பெரியவர் முதல் அட்டையைப் படித்துவிட்டு நேராகத் துவரம் பருப்புக்குப் போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

அக்காவும் தங்கையும் வீடு திரும்பியபோது பன்னிரண்டு மணி. ரவை வாங்க மறந்திருந்தார்கள்.

மிச்ச லீவை அவள் ஒழுங்காகவே கழித்தாள். ஷோபா அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முத்யால மடுவு அருவியைக் காட்டினாள். "கடையே இல்லாத எடமா பாத்துக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். சங்கமித்ராவும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எதையும் அடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கிரண் நல்ல மனிதர். நடந்ததை மறைக்காமல், தன் தவறையும் சேர்த்து, மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் ரகுராம் போன் செய்தார். பெங்களூரில் இன்னும் ஆறு கடைகளைத் திறந்து வைத்தபடியே மாற்றிக் கட்டப் போகிறார்களாம். அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, வந்து பேச முடியுமா என்று கேட்டார்.

பொம்மனஹள்ளி ஆபீஸில் ரகுராம் முதலில் படிப்பைக் கேட்டார்.

"பத்தாவது சார்."

"இந்த வேலைக்கு டிகிரி போட்டிருக்கோமே" என்று அவர் காகிதத்தைப் புரட்டினார்.

"கீழயே உங்க கடை ஒண்ணு இருக்குது. வர்ற வழியில பாத்தேன். அரை மணி நேரம் குடுங்க. சுத்திட்டு வந்து சொல்றேன். பிரயோஜனம் இல்லன்னா பஸ் புடிச்சுப் போயிடுறேன்."

அவர் கூடவே நடந்தார். அரை மணி நேரம் என்றது ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அவள் சொன்ன பதினான்கு விஷயங்களில் இரண்டு தப்பு. மின்சாரப் பெட்டியைப் பற்றி அவள் சொன்னது சரியில்லை என்று அவர் விளக்கியபோது, "அப்ப அத நான் கத்துக்கணும்" என்று ஒத்துக்கொண்டாள். மற்ற பன்னிரண்டையும் அவர் எழுதிக்கொண்டார். வேலை அவளுக்கு என்று ஆனபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். எதைக் கழற்றினாலும், எதை நகர்த்தினாலும், அன்று காலை கடையில் வேலை செய்கிற எல்லாரையும் நிற்க வைத்து முதலில் சொல்ல வேண்டும். துடைக்கிறவர்கள் உட்பட. அவர் சம்மதித்தார்.

விவேக் நகர்க் கடைக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கேக் வாங்கி வெட்டினார். ஜூடித் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரவிக்குமார் மட்டும், "இனிமே லீவுக்கு எங்க போவ? மிருகக்காட்சி சாலைக்கா?" என்று கேட்டார்.

முதல் வேலை அதே பொம்மனஹள்ளிக் கடைதான். மசாலா வரிசையை மாற்றிய அன்று காலை, ஃபேக்டரி ஷிப்டு முடிந்து நேராக வந்த ஒருவர் அந்த வரிசையில் நின்று சத்தம் போட ஆரம்பித்தார். நேற்று வரை இங்கே இருந்த காபித்தூள் எங்கே, யார் இதையெல்லாம் தூக்கிப் போட்டது, கடை நடத்துகிறீர்களா விளையாடுகிறீர்களா என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார்.

சங்கமித்ரா போய் எதிரில் நின்றாள். "நாந்தான் சார் மாத்துனேன். வாங்க, காட்டுறேன்."

கையைக் காட்டி அனுப்பவில்லை. கூடவே நடந்து, நாலாவது வரிசையில் அவருடைய காபித்தூளை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் கோபம் பாதி வடிந்தது. மீதிப் பாதியோடு, "சக்கரைய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"சக்கரை இன்னிக்கு அதே எடத்துலதான் இருக்குது சார். நாளைக்குத்தான் மாத்துறோம்."

அவர் சிரித்துவிட்டார். சங்கமித்ரா அடுத்த வரிசைக்கு நடந்தாள். அங்கே இன்னொருவர் குடை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.